செருப்பை உள்ளே எடுத்து வைக்கும் வீடு

வெள்ளிக்கிழமை வந்தால் நான் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். என் மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் நாட்டில் அன்றைக்குத்தான் விடுமுறை. அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் பெயரையும் எழுதவில்லை. ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டுப் பட்டது போதும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். வேதாகமத்தை வாசித்து வாசித்துத்தான் எழுத்து ஓட்டமாக வந்தது. ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் வெகு வருஷமாக வேலை செய்கிறேன். கொட்டையின் பால் பட்டுப் பட்டு என் விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்காது. தோல் காய்த்துப்போனதால் போனும் பாதி நேரம் ஏற்காது. மகள் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்தான் தேய்த்துக் காதில் வைப்பாள்.

மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் அரும்பாவூர்ப் பக்கம். ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, கொதிக்கிற மொட்டை மாடிகளில் நின்று வேலை பார்ப்பார். அவளுக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் ராத்திரி டூட்டி. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதுவும் தனியாக இல்லை. தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை பார்க்கிற நம் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மாப்பிள்ளை அவர்களுக்கு முடி வெட்டிவிடுவார். மகள் கருவாட்டுக் குழம்பும் ரசமும் வைப்பாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஜெபம் செய்வார்கள்.

அந்த ஊரில் அனுமதி வாங்கிய ஆலயத்தில் கூடலாம். வீட்டில் கூடக் கூடாது. ஆலயமோ வெகு தூரம், கேம்ப் ஆட்களுக்கு வண்டி கிடையாது. அதனால்தான் வீட்டில். கை தட்டாமல் பாடுவார்கள். வருகிறவர்களின் செருப்பை வாசலில் விடாமல் ஒரு சாக்குப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள் மகள். வெளியே ஒரு ஜோடிதான் கிடக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பாள்.

"அம்மா, இதெல்லாம் நீ யாருகிட்டயும் சொல்லிக்கக் கூடாது" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்வாள்.

"நான் யாருகிட்ட பேசுறேன் தாயி? எனக்குத்தான் பேச்சே வராதே."

அது உண்மைதான். சபையில் நான் கடைசிப் பாயில், தூணுக்குப் பின்னால் உட்காருவேன். மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்லும் ஞாயிறு. எல்லோரும் எழுந்து நின்று தேவன் செய்த நன்மையைச் சொல்வார்கள். இருபது வருஷத்தில் நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. போதகர் ஐயா என் பக்கம் திரும்பினாலே குனிந்து பாயின் கோரையைப் பிய்ப்பேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷமாக அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது மனசுக்குள் ஒரு பொருத்தனை செய்துகொண்டேன். ஆண்டவரே, அவள் வயிற்றில் ஒரு பூச்சி ஊர வையும், நான் சபை நடுவில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறேன் என்று. வேறு எதை நேர்ந்திருந்தாலும் எனக்குச் சுலபம். எனக்கு ஆகாதது எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

நேர்ந்துகொண்ட மூன்றாம் மாதம் மகள் கூப்பிட்டு, உண்டாகியிருப்பதைச் சொன்னாள். அழுதாள். நானும் அழுதேன். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் சேர்ந்து அழுதாள்.

அடுத்த முதல் ஞாயிறு நான் எழுந்து நின்றேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரியில் சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேசிப் பழக்கமில்லாதவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது போலிருக்கிறது. குழந்தை உண்டானதைச் சொன்னேன். சபையார் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அந்தச் சத்தம் என்னைத் தள்ளிக்கொண்டே போனது. அவர்கள் படுகிற பாட்டைச் சொன்னேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். மீன் மார்க்கெட்டுக்கு எதிர்க் கட்டடம், மூன்றாவது மாடி என்றேன். வெள்ளிக்கிழமை வருகிறவர்களைச் சொன்னேன். செருப்பைப் பையில் போட்டு உள்ளே எடுத்து வைப்பதைக்கூடச் சொன்னேன். அதற்குத்தான் எல்லோரும் உருகிப் போனார்கள்.

வெளியே வந்ததும் கூட வேலை செய்கிறவள் என் தோளில் தட்டி, "இம்புட்டுப் பேச்சையும் இத்தினி வருசமா எங்கக்கா பூட்டி வச்சிருந்த? ஐயாவுக்குப் பிரசங்கம் பண்ண நேரமே இல்லாமப் பண்ணிட்ட!" என்றாள். நான் சிரித்தேன். அன்றைக்குக் காலையில்தான் நான் கடைசியாகப் பயமில்லாமல் சிரித்தது.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது லப்பைக்குடிக்காட்டு அம்மா போனில் கூப்பிட்டார். எங்கள் கொட்டகைக்குத் துணி கொண்டுவந்து விற்கிறவர். அவர் மகனும் என் மகள் இருக்கும் அதே ஊரில்தான் வேலை செய்கிறான்.

"அக்கா, நீங்க சர்ச்சில பேசினது எம் மவன் போனுக்கு வந்திருக்கு."

"என் பேச்சா? எப்புடி வரும்?"

"வீடியோக்கா. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க குரூப்புல யாரோ போட்டுட்டாங்க. நம்ம ஊரு அம்மா என்னமா பேசுறாங்க பாருன்னு போட்டிருக்காங்க. கெட்ட எண்ணத்துல இல்ல. ஆனா அங்க சட்டம் வேறக்கா. கட்டடம், மாடி எல்லாம் சொல்லியிருக்கீங்க. அத எடுக்கச் சொல்லி எம் மவன் அவங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கான். நீங்க சர்ச்சில இருக்கிறத எடுக்கச் சொல்லுங்க. இப்பவே போங்க."

சபையில் ஒரு கம்பியில் போனை மாட்டி வைத்திருப்பார்கள். பாட்டுச் சத்தம் கூட்டுவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடப்பதையெல்லாம் அது உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரிடமும் நான் கேட்டதும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனை மகளுக்குப் போன் அடிக்கச் சொன்னேன். சுவிட்ச் ஆஃப். மாப்பிள்ளைக்கும் அப்படியே. ஐயா சாயங்கால ஆராதனைக்காக அரியலூருக்குப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. கஞ்சி வடிய வைத்த பானையை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிமெண்டு லாரி. ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் பஸ் ஊர்ந்தது. எத்தனை பேர் பார்த்தார்களோ, அந்த ஊர்க்காரர் யாராவது பார்த்தாரோ, கதவைத் தட்டிவிட்டார்களோ. மூன்று மாத வயிறு. பயத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? கேட்டு வாங்கியதை நானே வாயால் கொட்டிவிட்டேனா? வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐயா என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். விஷயத்தைக் கேட்டார். உடனே போனை எடுத்து வீடியோவை அழித்தார்.

"தப்பு எம்மேலதாம்மா. வெளிநாட்டுல ஊழியம் செய்யறவங்களப் பத்தின சாட்சின்னதும் நான் கேமராவ நிறுத்தச் சொல்லியிருக்கணும்."

"எல்லாம் அழிஞ்சிடுச்சுங்களா ஐயா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நம்மகிட்ட இருந்தது அழிஞ்சிடுச்சும்மா" என்றார்.

திங்கட்கிழமையும் இரண்டு போனும் அணைந்தே கிடந்தன. கொட்டகைக்குப் போனேன், கை வேலை செய்தது, கொட்டையோடு விரலையும் நசுக்கிக்கொண்டேன். லப்பைக்குடிக்காட்டு அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். குரூப்பில் எடுத்துவிட்டார்களாம். "அல்லா காப்பாத்துவான்க்கா, அழாதீங்க" என்றார். அவர் மகன் அந்தக் கட்டடத்துப் பக்கம் போய், தெருவில் நின்று மேலே பார்த்துவிட்டு வந்தானாம். மூன்றாவது மாடியில் விளக்கு எரியவில்லையாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். பக்கத்திலிருந்தவள் போனை என் காதில் வைத்தாள். முதலில் மாப்பிள்ளை குரல்தான் கேட்டது.

"அத்தை, இருவது வருசமா வாயே தொறக்காம இருந்துட்டு, ஒரே நாள்ல எங்க வூட்டு அட்ரசு, மாடி, செருப்பு எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டீங்களே! குழம்புல எத்தினி புளின்னு மட்டும்தான் சொல்லல."

"மாப்ள, என்னைய மன்னிச்சிடுங்க."

"அட விடுங்க. ஒண்ணும் ஆவல. நாங்கதான் பயந்துக்கிட்டு போன அமத்திட்டு அவளோட சிநேகிதி வூட்டுல இருந்தோம்."

பிறகு மகள் வாங்கினாள். "அவரு சிரிக்கிறாரும்மா. எனக்குச் சிரிப்பு வரல" என்றாள். அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் கட்டடத்துச் சொந்தக்காரரின் ஆள் வந்து, வெள்ளிக்கிழமை யார் யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறான். முடி வெட்டிக்கொள்ள வருவார்கள், சாப்பிடுவார்கள், ஜெபிப்போம் என்று மாப்பிள்ளை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இனிமேல் யாரும் வரக் கூடாது, வந்தால் போலீசுக்குத்தான் போவேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"நான் பேசினதப் பாத்துட்டா தாயி வந்தான்?"

"தெரியலம்மா. ரொம்ப நாளா கவனிச்சிக்கிட்டு இருந்திருக்கலாம். தெரியல."

எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"புள்ள?"

"நல்லா இருக்குது. நேத்து டாக்டர் பாத்தாங்க." பிறகு, "வெள்ளிக்கிழமைன்னா என்ன செய்யறதுன்னே தெரியாதும்மா இனிமே" என்றாள்.

இப்போது யாரும் அந்த வீட்டுக்கு வருவதில்லை. மாப்பிள்ளைதான் கத்திரிக்கோலையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு கேம்ப்புக்குப் போகிறார். ஒவ்வொருவராக உட்கார வைத்து முடி வெட்டுகிறார். வெட்டிக்கொண்டே மெதுவாகப் பேசுகிறார். ஒருவர் தலையில் அவர் கை வைத்திருப்பது முடிக்கா ஜெபத்துக்கா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. பக்கத்தில் வந்து கேட்டால் அவர் மறைக்க மாட்டார். எனக்குப் பயம் அதுதான்.

அவர் வீடு திரும்பியதும் மகள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இது நான் கேட்டுக்கொண்டது. எடுக்க வேண்டியதில்லை, என் விரலுக்கும் வேலை இல்லை. அடித்து நின்றால் போதும்.

போன முதல் ஞாயிறு ஐயா கம்பியிலிருந்த போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் பார்த்தார். எழுந்தேன். "ரெண்டு பேருக்காக ஜெபிச்சிக்குங்க. இல்ல, மூணு பேரு" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். யாரும் யார் என்று கேட்கவில்லை.

இதை எழுதுகிற இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கொட்டகையில் எல்லோரும் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மிஸ்டு கால் வழக்கமாக வருகிற நேரம் தாண்டிவிட்டது. போன் மடியில் இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.