சொருகாத ஒயர்

ஆர்.எஸ்.புரத்தில் செல்போனைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய வீடியோ கேமை டிவியில் மாட்டி வைத்திருந்தார். பக்கத்து கிளினிக் நர்ஸ், நாற்பதைத் தாண்டியவர், சீருடையோடு வந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். பட்டனை அமுக்கியதும் திரையில் டேங்க் நகர்ந்தது. அவர் திடுக்கிட்டார்.

“ஏனுங்க, நான் அமுக்குனா நகருதுங்களே!”

“அமுக்குனா நகரத்தானுங்க செய்யும்?” என்றேன்.

“சின்னதுல எங்கூட்டுல நகராதுங்க. ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க எங்கையில குடுத்துப்போட்டு, ‘எதுக்க வார டேங்கெல்லாம் நீதான் அம்மணி’ம்பாருங்க எங்கண்ணன். லீவு முச்சூடும் அமுக்கிட்டிருந்தேனுங்க.”

சொல்லும்போதே அவர் முகம் மாறியது. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணா, அந்த ஒயரச் சொருகுனீங்களா, இல்லீங்களா?”

ஸ்பீக்கரில் சிரிப்புக் கேட்டது. “இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கற? நீ அழுகாம இருந்தியல்ல அம்மணி!”

“சிரிக்காதடா!”

அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தையை அத்தனை நாள் ஏமாற்றிவிட்டு, அதைப் பாசம் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான் அந்த மனிதன்.

நர்ஸ் போனை வைத்துவிட்டு இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டும் முன், அதன் ஒயரைப் பிடித்து வெடுக்கென்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.