ஓடினால் விசில்

ஓடுகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதுதான் என் வேலை. நான் நடைப்பந்து நடுவர். கால்பந்துதான், ஆனால் ஓடக்கூடாது. எப்போதும் ஒரு கால் மண்ணில் இருக்கணும். எங்கள் ஊர் கொல்லயிலில் சனிக்கிழமை காலைதோறும் ஐம்பது தாண்டியவர்கள் ஆடுகிறார்கள். விசில் ஊதி யாரிடமும் நல்ல பேர் வாங்காத சக நடுவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நிபந்தனை

தங்கப்பன் மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபின் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தார். டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க இவருக்கு மனசில்லை. நர்ஸாக இருக்கும் மகள் ஷீபா அக்காதான் எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "நடக்கட்டும் தம்பி. ஒரு தடவை ஓடினாருன்னு தெரிஞ்சா, அண்ணைக்கோட இந்தப் பந்துகளி தீந்தது, கேட்டியா?"

ஓட்டம்

முதல் நாளே பந்தைக் கண்டதும் மாமாவின் கால் தானாக வேகமெடுத்தது. விசிலை ஊதி, "ஓட்டம்!" என்று கத்தினேன். பந்தை அப்படியே விட்டுவிட்டு ரோட்டோரம் நின்ற ஆட்டோவுக்குப் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களுக்கு ஓட்டம் என்றால் சவாரி. உள்ளேயிருந்து கேட்டார்: "எலே, ஓட்டம் எங்கோட்டு? வெள்ளறடைக்கா, காரோட்டுக்கா?"

பேச்சு

முதல் நாள் மாமா ஓடிய சங்கதி ஷீபா அக்கா காதுக்குப் போகாமல் எல்லோரும் விழுங்கிக்கொண்டோம்.

கோல் காக்கிற ஞானதாஸ் மாமா, தங்கப்பன் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர். மதிலோரப் பலாமரச் சண்டையில் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. தெரியாமல் இருவரையும் ஒரே அணியில் போட்டுவிட்டேன். ஒருநாள் தங்கப்பன் மாமா பின்னால் தள்ளிய பந்து சொந்தக் கோலுக்குள்ளேயே போனது. ஞானதாஸ் மாமா வாயைத் திறந்தார். சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் சிவப்பு அட்டையை எடுத்தேன். தங்கப்பன் மாமா முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்தார்: "அட்டைய உள்ள வையி மக்கா. பதினோரு வருசத்துக்குப் பெறவு பேசியிருக்கான். கெட்ட வார்த்தைன்னாலும் பேச்சு பேச்சாக்கும்!"

கடைசி நிமிடம்

அடுத்த வாரத்திலிருந்து இருவரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். தங்கப்பன் மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியது, தூக்கமும் வந்தது.

வெள்ளறடைக்காரர்களோடு ஆட்டம். ஷீபா அக்கா முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள். மாமா ஓடி, நான் விசில் ஊதினால், அவர் விளையாட்டு அன்றோடு சரி. கடைசி நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. காலிக் கோலுக்கு முன்னால் பந்து மெல்ல உருள்கிறது. மாமாவும் ஒரு வெள்ளறடைக்காரரும் அதை நோக்கி நடக்கிறார்கள். விசில் என் உதட்டில்.

"அப்பா, ஓடுங்க! ஓடுங்கப்பா!"

அலறியது ஷீபா அக்கா. மாமா நின்றார், இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். "நீதானே மக்கா ஓடப்பிடாதுன்னு சொன்ன?"

அதற்குள் வெள்ளறடைக்காரர் பந்தை வெளியே தட்டிவிட்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற அக்கா நேராக என்னிடம் வந்தாள்: "தம்பி, அடுத்த சனிக்கிழமை அப்பாவ இன்னும் முன்னால நிறுத்து. நாலு எட்டு கொறஞ்சிருந்தா கோலாக்கும்!"

நெஞ்சுக்கு நல்லதென்று டாக்டர்கள் சொல்லும் இந்த விளையாட்டில், நெஞ்சு படபடக்க நிற்கிற ஒரே ஆள் நடுவர்தான்.