கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கப்பல்

மகள் கல்யாணத்தை லாசரஸ் சார் தன் கையாலேயே நிறுத்திவிட்டாராம். தாம்பரத்தில் யாரோ சொன்னதாக அக்கா போனில் சொன்னாள். நிறுத்தியது அவர் அல்ல. நான் வேலை பார்க்கும் டர்பனிலிருந்து அவருக்கு அனுப்பிய ஒரு காகிதம்.

லாசரஸ் சார் பம்மலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மகள் ஜெனி மட்டும்தான். அவருடைய பூட்டன் யேசுதாசன், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வேதம் சொல்லும் உபதேசியாராகக் கப்பலேறினார் என்பது அந்த வீட்டின் பெருமை. மகளின் பத்திரிகையில் அதைப் போட ஆசைப்பட்டார்.

"கப்பல் பேரும் வருஷமும் பாத்து அனுப்பு தம்பி. ஆதாரம் இல்லாம அச்சுல ஏத்தக் கூடாது."

டர்பன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. 1902. ஊரும் தகப்பன் பெயரும் பொருந்தின. ஏறியவர் பெயர் முனியன், கரும்புத் தோட்டக் கூலி. ஞானஸ்நானம் அங்கே போய்த்தான். ஓரத்தில் யேசுதாசன் என்று பின்னால் எழுதியிருந்தார்கள். சாதிக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டு அனுப்பினேன்.

ரசீதில்லாத மூட்டையை ஒரு நாளும் ஏற்றாதவர் அவர். மறைக்கத் தெரியவில்லை. பத்திரிகை மாதிரியோடு அந்தக் காகிதத்தையும் மாப்பிள்ளையின் அப்பா அசரியாவிடம் கொடுத்தார். அசரியா சாதிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"கர்த்தர் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான் சார். ஆனா எங்க சொந்தக்காரங்க முன்னாடி நாங்க உக்காரணுமே."

மாப்பிள்ளை ஜோனத்தான் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.

ஜெனி அழவில்லை. "வுடுங்கப்பா. முனியன் பேரைப் பாத்து ஓடுறவன் எனக்கு எதுக்கு?" என்றாள். அந்தக் காகிதத்தைப் படமெடுத்துத் தன் போனில் சேமித்துக்கொண்டாள்.

லாசரஸ் சாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. எனக்குப் போன் செய்தார். "அது வேற ஆளுன்னு ஒரு லெட்டர் குடு தம்பி. அவ வாழ்க்கை."

பொய்யென்று தெரிந்தும் எழுதிக்கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு மறுபடி அசரியா வீட்டுக்குப் போய் நின்றார். அசரியா படித்துவிட்டுச் சிரித்தார்.

"அப்போ உங்க ஆளு யாருன்னே தெரியாதுன்றீங்க. இது அதைவிட மோசமாச்சே சார்?"

உள்ளே யாரோ கூடச் சிரித்தார்கள். சாயங்காலம் ஜோனத்தான் அந்தக் கடிதத்தைப் படமெடுத்து ஜெனிக்கு அனுப்பினான்: "உங்கப்பாவைக் கெஞ்ச வேணாம்னு சொல்லு."

ஜெனி பெட்டி கட்டினாள். "அவங்க என்னை வேணாம்னாங்க. பரவால்ல. நீங்க அந்த முனியனையே வேணாம்னுட்டீங்களேப்பா" என்றாளாம். இப்போது நாவலூரில் ஆபீஸ் பக்கத்திலேயே ஹாஸ்டல். அப்பாவின் போனை எடுப்பதில்லை.

போன மாதம் லீவில் வந்தேன். ஹாஸ்டல் வாசலுக்கு என்னை அழைத்துப்போனார். வாட்ச்மேன் உள்ளே கேட்டுவிட்டு வந்து, "மேடம் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க சார்" என்றார்.

"உன் நம்பர்னா எடுப்பா" என்றார் லாசரஸ் சார். அந்தக் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது என்பதை அவர் மறந்துவிட்டார் போல. நான் ஜெனியின் எண்ணை அழுத்தி, போனை அவர் கையிலேயே கொடுத்தேன். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மாடி ஜன்னல்களையே பார்த்தார்.

"போவுது தம்பி," என்றார். "ரிங் போவுது."