சஹனில் வைத்த நஞ்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இரண்டு பிழைப்புகள். கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மர்மத் தொடர்கதை எழுதுகிறவன்.

ஒளிந்ததற்குக் காரணம், சாய்ந்தமருதில் எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வாப்பா. சவளக்கடைப் பக்கம் வயல்கள் உள்ள போடியார். "கதைப் புத்தகம் தொடுறவனுக்கு என்ட மகள் இல்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொடுகிறவனுக்கே இல்லையென்றால் எழுதுகிறவனுக்கு? தபால்காரர் சிரித்தாலும் பத்திரிகை உறையைச் சட்டைக்குள் மறைப்பேன். அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, கதையில் சந்தேகத்துக்கு ஒரு வக்கீலையும் கொலைகாரனாக ஒரு மாமனாரையும் வைத்திருந்தேன். கொலைகாரன் யாரென்பது இன்னும் அச்சில் வரவில்லை.

ஒரு கிழமை அத்தியாயத்தில் கலியாணச் சஹனில் நஞ்சு வைத்தேன். சஹன் என்கிற அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தாலும் அவரவர் முன்னால் உள்ளதைத்தானே எடுப்போம்? கொலைகாரன் அந்த மரியாதையை நம்பி ஒரு பக்கத்தில் மட்டும் நஞ்சைக் கலந்திருந்தான். சாக இருந்தவர் தட்டைத் திருப்பிவைத்துத் தப்பினார்.

பத்திரிகை ஊருக்கு வந்த கையோடு சொந்தக்காரர் வீட்டில் ஒரு விருந்து. சஹனில் எனக்கு நேரெதிரே மாமா, அதாவது பெண்ணின் வாப்பா. பிஸ்மில்லாஹ் சொன்னார். பிறகு ஒன்றும் அறியாதவர்போலத் தட்டை மெல்லப் பாதிச் சுற்றுச் சுற்றினார். அவர் பக்கம் என்னிடம் வந்தது.

எழுதுகிறவன் நான்தான் என்று பிடித்துவிட்டார்; சோதித்துப் பார்க்கிறார்; கலியாணம் போச்சு! அதைவிட வெட்கம், நானே இட்டுக்கட்டிய நஞ்சை நினைத்து முன்னால் கிடந்த இறைச்சித் துண்டை முகர்ந்து பார்த்தேன்.

"சாப்புடுங்க மருமகன். என்ன மணந்து பாக்கிறீங்க?"

"இல்ல மாமா, நல்ல வாசம். நீங்க ஏன் தட்டைத் திருப்பின?"

"இப்ப காலம் சரியில்ல. இந்தக் கிழமையும் ஒரு கலியாண ஊட்டுல சஹன்ல நஞ்சு வெச்சிரிக்கான்."

பக்கத்திலிருந்த, மாமாவுக்குத் தம்பி முறையானவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "அல்லாஹ்வே! எந்த ஊருல காக்கா?"

மாமாவுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த ஊர் எது என்று எனக்கல்லவா தெரியும்!

கை கழுவுகிற இடத்தில் அவர் என்னை ஓரமாக இழுத்தார். "நீங்களும் வாசிக்கிறயா?"

"இடைக்கிடை மாமா."

"ஊட்டுல கதைக்காதீங்க. சரி, ஆர் கொலைகாரன்? வக்கீல்லதான் எனக்குச் சந்தேகம். அந்த மாமனார் நல்ல மனிசன். அவர்ட தலையில பழியப் போட்டானெண்டா, எழுதினவன் ஆரெண்டாலும் உடமாட்டன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகுமுன் வக்கீலைக் கொலைகாரனாக்கினேன். நிக்காஹ் சுகமாக நடந்தது.

மாமாவுக்கு நான் யாரென்று தெரியுமா? எத்தனையோ கொலைக்குத் துப்புத் துலக்கியவன், இதில் மட்டும் தோற்றுவிட்டேன். இப்போதும் சஹன் வைத்தால் அவர் திருப்புகிறார். நானும் ஒருமுறை திருப்பிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.