விருந்துகளில் என்னைப் பெண் கேட்டவர்கள்

இருபத்துமூன்று வயதில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவின் அரசியல் விருந்துகளில் நான் பேர்போன அழகி. இதை எழுதும்போது இன்றும் வாய் கசக்கிறது.

அப்பா எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு, வாக்குப்போட பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுபோய் இறக்கக்கூடியவர். அதனால் எந்த விருந்திலும் எங்களுக்கு மேடையோரம் மேசை கிடைக்கும். பட்டுச் சேலையோடு நான் அப்பாவின் பக்கத்தில் இருக்கவேண்டும். வந்து கைகுலுக்கும் அங்கிள்மார் என் கையை உடனே விடமாட்டார்கள். அப்பா அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அங்கேதான் அவர் அறிமுகமானார். அந்தத் தெரிவில் போட்டியிட்ட, அப்பா ஆதரித்த ஒருவரின் தம்பி, வீடு விற்கும் ஏஜென்ட். மற்றவர்களைப்போல அவர் என் சேலையைப் பற்றிப் பேசவில்லை, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சனிக்கிழமைகளில் மோர்னிங்சைட்டில் இருந்து ஒஷாவா ஏரிக்கரை வரை காரில் போவோம். வழியெல்லாம் சிரிக்கவைப்பார். எனக்கு அவரை உண்மையாகவே பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் கலியாணப் பேச்சு தொடங்கிவிட்டது.

வேட்பாளர் தெரிவுக் கூட்டத்தில் அவருடைய அண்ணன் தோற்றார். அப்பாவின் பஸ்கள் போதவில்லை.

அடுத்த நாளிலிருந்து என் குறுஞ்செய்திகளுக்குப் பதில் இல்லை. அந்த வாரக் கடைசியில் அம்மா அவருடைய தாயாருக்கு போன் எடுத்தார். போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "தம்பி இப்ப கலியாணத்தைப் பற்றி யோசிக்கேல்லையாம்" என்றார்.

நான் அழுதேன். அப்பா அழவிடவில்லை. வென்றவரின் விருந்துக்கு மேசை கிடைத்துவிட்டது என்றார்.

போனோம். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வாசனைத் தைலமும் கலந்த மணம் மண்டபம் முழுக்க. தோற்றவரின் தம்பி, வென்றவரின் மேசையில், இன்னொரு சங்கத் தலைவரின் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். ஒஷாவாப் பாதையில் எனக்குச் சொன்ன பகிடியாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து எங்களிடம் வந்தார். கூடவே, வென்றவரின் அக்கா மகன், அவருக்கு மருமகன் முறை.

"இவர் நல்ல ஆள். நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சுப் பாருங்கோ," என்றார் என்னிடம், பழைய வீட்டுக்குப் புதிய ஆள் பிடிப்பதுபோல. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

மருமகன் கதிரையில் இருந்த உடனேயே அப்பாவின் பக்கம் திரும்பினார். "அங்கிள், வாற தேர்தலுக்கு உங்கட ஆக்கள் முழுப்பேரும் எங்களோடதானே?"

"ஓம் தம்பி, அதுக்கென்ன," என்றார் அப்பா.

நான் ஏஜென்டைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்க, "இவரும் உங்களை மாதிரித்தானோ? தேர்தல் முடியுமட்டும்தானோ?" என்று கேட்டேன்.

நான் எழுந்து வெளியே போய் கார் பார்க்கில் நின்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா கத்தவில்லை. "என்ர முகத்தில கரி பூசிப்போட்டாய்," என்றார்.

"அவைக்கு உங்கட முகம் தெரியாது அப்பா. உங்கட பஸ்தான் தெரியும்."

அந்தக் கோடையிலேயே சிநேகிதி ஒருத்தியுடன் வோபர்னில் ஒரு வாடகை பேஸ்மென்டுக்குக் குடிபோனேன். படிப்பை முடித்து, பல் கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன்பிறகு ஒரு விருந்துக்கும் போகவில்லை.

சங்கத்தில் அப்பா தலைமையை இழந்த பிறகு அவருக்கு அழைப்புகள் வருவது நின்றது. வென்றவர் அவருடைய போனையே எடுப்பதில்லை என்று அம்மா சொன்னார். இனியாவது அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். போன மாதம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்த அப்பா, வென்றவரின் அந்த மருமகனுக்குக் கலியாணம் நடந்த கதையைச் சொன்னார். சோற்றைப் பிசைந்தபடியே, "நல்ல இடம். நீ விட்டுட்டாய்," என்றார்.

நான் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.