பெருக்காத மாடி

எனக்கு எழுபத்து நாலு வயது. நாலு பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது. நாலாவது, என் நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது என் இடுப்பில் ஏறிய பிள்ளை. இன்றைக்கு நாலு பேரும் நாலு பக்கம். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் நான் மட்டும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, எழுத்து கோணலாகத்தான் விழும். ஆனால் என் வீட்டில் தூசி பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னது கிடையாது.

அந்தத் தூசியைக் கேட்டுத்தான் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள்.

போன கோடையில் நடந்தது இது. முப்பது வயது இருக்கும் அவளுக்கு, வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது. காற்று மண்ணை எப்படி அரிக்கிறது, அரித்த மண் தூசியாகி எவ்வளவு தூரம் போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவளாம். அப்போது எங்கள் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதிலிருந்து கிளம்பும் தூசி எங்கே எவ்வளவு விழுகிறது என்று பார்க்க, ஏரிக்கரையில் ஒரு வீடு, எங்கள் தெருவில் ஒரு வீடு, இன்னும் தள்ளிச் சில வீடுகள் என்று மாடிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டை ஏன் பிடித்தாய் என்று கேட்டேன்.

"நீங்க எப்பவும் வீட்லயேதான் இருப்பீங்கன்னு எதிர்வீட்ல சொன்னாங்கம்மா. வர்றப்ப கதவைத் திறக்க ஆள் வேணும்ல."

கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் மாடிக்குக் கூட்டிப் போனேன்.

அவள் கொண்டுவந்தது ஒரு அலுமினியத் தட்டு. அது நிறையக் கோலிக் குண்டுகள், என் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அதே கண்ணாடிக் குண்டுகள். காற்றோடு வருகிற தூசி குண்டுகளின் இடுக்கில் இறங்கிவிட்டால் மறுபடி பறக்க முடியாதாம். தட்டை ஒரு ஸ்டூல் மேல் வைத்துக் கம்பியால் கட்டினாள். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை வந்து குண்டுகளைக் கழுவி, கழுவின தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவாள். ஆராய்ச்சி என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பாத்திரம் கழுவுகிற வேலை மாதிரித்தான் இருந்தது.

வேலை முடிந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடிப்பாள். நான் ஒரு படி கீழே உட்காருவேன். கேட்காமலே சொல்லிக்கொண்டு போவாள். காய்ந்த ஏரியின் மேல் பாலாடை மாதிரி ஒரு ஏடு கட்டியிருக்குமாம். அது உடையாத வரைக்கும் எவ்வளவு பெரிய காற்றும் ஒன்றும் செய்ய முடியாது. லாரிச் சக்கரம் ஏறி ஏடு உடைந்தால் போச்சு. அப்போதும் மாவு மாதிரி இருக்கிற மண் தானாக எழும்பாது. கொஞ்சம் பெரிய மணல் தத்தித் தத்தி வந்து அதன் மேல் விழ வேண்டும். அந்த அடியில்தான் அது எழும்பி, ஊர் தாண்டிப் போகும். பெரிய மணல் அங்கேயே கிடக்கும். இதைக் கேட்ட அன்றைக்கு நான் காபியைக் குடிக்காமல் ஆறவிட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறாள் என்றால் வெள்ளிக்கிழமையே ஒரு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கி வைப்பேன். காலையில் அவள் வருவதற்குள் ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியை மூலை முடுக்கு விடாமல் பெருக்குவேன். ஒருத்தி வந்து உட்காருகிற இடத்தைக் குப்பையாகவா போட்டு வைப்பது?

ஒரு தடவை வந்தவள் காபியைத் தொடவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏரிக்கரை வீட்டைவிட என் வீட்டுத் தட்டில்தான் தூசி அதிகமாம். எனக்கு முகம் செத்துவிட்டது. தப்பாகப் பார்த்திருப்பாய், போய் மறுபடி பார் என்றேன். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றில் வைத்து எடுத்ததாம். மண் துகளுக்கு நடுவே மஞ்சளாகச் சிலாம்பு சிலாம்பாக ஏதோ கிடந்தது. இது என்னவென்று தெரியவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே திரும்பியவள், தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"மாடியைப் பெருக்குவீங்களாம்மா?"

"தினம் ரெண்டு வேளை. நீ வர்ற அன்னிக்கு மூணு."

சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த மஞ்சள் சிலாம்பு என் ஈர்க்குத் துடைப்பத்தின் துணுக்காம். காற்று செய்ய வேண்டிய வேலையை என் துடைப்பம் செய்துவிட்டதாம். கீழே கிடந்ததையெல்லாம் நானே எழுப்பித் தட்டில் ஏற்றியிருக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், பெருக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தட்டை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள். சொன்னதோடு கம்பியைப் பிரிக்கவும் குனிந்துவிட்டாள்.

தட்டு போனால் கூடவே எது போகும் என்று எனக்குத் தெரியும்.

"கம்பியை வுடு கண்ணு. துடைப்பத்தை நான் கீழ இறக்கிடறேன். தட்டு இங்கியே இருக்கட்டும்."

கல்யாணமாகி வந்த நாள் முதல் பெருக்காமல் விட்ட தரை எனக்குக் கிடையாது. முதல் வாரம் கை சும்மா இருக்காமல் நமநமவென்றது. அந்த வருஷம் மாடியில் மிளகாய் காயவில்லை, வடகம் போடவில்லை. தூசி மெத்தை மாதிரி படிந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மொட்டை மாடியில வெள்ளாமை வைக்கப் போறியா? மண்ணு நல்லா சேந்துகீது."

"ஆமா. நாத்து நட நீயும் வா" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்த பிறகு மனசு கேட்கவில்லைதான்.

தூசியில் ஒன்று இருக்கிறது. யார் வந்தார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். புறாக் கால், பூனைக் கால், தொட்டி வரைக்கும் போய்த் திரும்பின என் கால், அவள் செருப்புத் தடம். வேறே தடம் ஒன்றும் கிடையாது. பெருக்கிக்கொண்டே இருந்த வரைக்கும் அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பொழிச்சலூரில் இருக்கிற மூத்தவன், தொட்டியில் வால்வு ஒழுகுகிறது என்று நான் சொல்லி வெகு நாள் கழித்து வந்தான். மாடிக்குப் போனவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான். அம்மாவுக்கு முடியவில்லை, மாடி மண் மேடாகக் கிடக்கிறது என்று அங்கேயே நின்று தங்கைக்கும் தம்பிகளுக்கும் போன் போட்டான். தனியாக விட்டு வைத்தது தப்பு, ஏதாவது முதியோர் ஹோமில் இடம் பார்க்கலாம் என்று என் காது கேட்கவே பேசினான். பிறகு, பாவம், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினான். முழங்கால் வலியை மறந்து பின்னாலேயே ஓடினேன்.

"வுடுடா அதை. ஒரு வீச்சு வீசினாலும் அவ கணக்கு கெட்டுடும்."

"யாரு கணக்கும்மா?"

தட்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவனுக்குக் கோபமா சிரிப்பா தெரியவில்லை. "தூசிக்கா காவல் இருக்கே?" என்றான். வால்வைச் சரி பண்ணிவிட்டுப் போனான். அவன் தடம் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் இருந்தது. இது என் பையன் கால் என்று அவளிடம் காட்டினேன்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வந்து தட்டை அவிழ்த்து ஸ்டூலையும் இறக்கினாள். முதலில் எடுத்த பாட்டில்களை மட்டும் தள்ளிவிட்டதாகவும், மற்றதெல்லாம் கணக்கில் சேர்ந்ததாகவும் சொன்னாள். ஏரி மண் இவ்வளவு தூரம் வருகிறது என்று உங்கள் மாடிதான் காட்டியது என்றாள். எனக்குப் பெருமைதான். அடுத்த கோடைக்கு வேறே ஊர், வேறே ஏரியாம். வாசலில் நின்று வருகிறேன் என்றாள். தட்டு இல்லாமலும் வரலாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. யாரிடமும் வா என்று கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

அவள் போன பின் மாடிக்குப் போனேன். ஸ்டூல் கால் இருந்த இடம் நாலும் பளிச்சென்று தெரிந்தது. துடைப்பம் கையில்தான் இருந்தது. பெருக்கவில்லை. மழை வந்து கழுவிக்கொண்டது.

வாயில் வராததைத்தான் இங்கே எழுதி வைத்தேன். கேளம்பாக்கத்திலிருந்து மகள் வயிற்றுப் பேத்தி இன்றைக்கு வந்திருக்கிறாள். போனில் படம் பிடித்து, தட்டு வைத்த அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடுவாளாம். அனுப்பு, ஆனால் முதலில் எனக்குப் படித்துக் காட்டு கண்ணு, நான் நினைத்தது இதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தட்டு இல்லாமலும் வரலாம் என்கிற இடம் வந்தால், கொஞ்சம் நிறுத்திப் படி.