கறுப்புப் புகைக்குப் பின்னால் இருந்தவன்

போன கிழமை கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் மணல் ஏற்றிய ஒரு பழைய லொறி. அது இழுவை எடுத்ததும் கரிப் புகை குபுக்கென்று கிளம்பி ஓட்டோவுக்குள் நிறைந்தது. என் வலது கால் தன்பாட்டில் போய் ஓட்டோவின் தரையை ஓங்கி மிதித்தது. இரண்டு கையும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த மகளுக்குச் சிரிப்பு.

"என்ன வாப்பா, பின்னுக்கு இருந்துக்கிட்டு பிரேக் புடிக்கிறீங்க?"

சிரித்துச் சமாளித்தேன். முன் கம்பியில் இருந்து கையை எடுக்கக் கடைத்தெரு முழுக்கத் தாண்ட வேண்டியிருந்தது. நான் பயந்த சுபாவக்காரன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பல்லிக்குப் பயம், ஊசிக்குப் பயம், வெளியூர் நம்பரில் இருந்து போன் வந்தால் பயம். ஆனால் டீசல் புகைக்கு ஏன் பயம் என்று மட்டும் யாருக்கும் நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தி நாலு வயது. படிப்பும் சரிவரவில்லை, வெளிநாடும் சரிவரவில்லை. என் அக்காவை, எங்கள் பேச்சில் ராத்தாவை, கட்டிய ஹனீபா மச்சானோடு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குத்தான் குடிவர வேண்டும். அதனால் மச்சான் எங்கள் வீட்டில்தான் இருந்தார், அவருடைய டீசல் ஜீப்பும் எங்கள் வளவில்தான் நின்றது. என்னையும் விட மூத்த ஜீப். வழியில் நின்றுபோன வாகனங்களை அதில் கட்டி இழுத்து வந்து கல்முனைக் கராஜ்களில் விடுவதுதான் தொழில்.

இழுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் ஜீப்பை ஓட்ட வேண்டும். மற்றவர் பின்னால் செத்துக் கிடக்கும் வாகனத்தில் ஏறி ஸ்டேரிங்கைப் பிடிக்க வேண்டும். அந்த மற்றவர் நான். கேட்க லேசான வேலை மாதிரி இருக்கும். எஞ்சின் ஓடாத வாகனத்தில் ஸ்டேரிங் திரும்பாது, பிரேக் கல்லுப் போல இறுகிவிடும், ஒரு காலால் மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஜீப்புக்கும் இதற்கும் நடுவில் தோணிக்காரர்களிடம் வாங்கிய நைலோன் கயிறு, பன்னிரண்டு முழம். அது தொய்யவும் கூடாது, வெட்டி இழுக்கவும் கூடாது. ஹோர்ன் ஒரு தரம் அடித்தால் நிற்பாட்டு, இரண்டு தரம் அடித்தால் மெல்லப் போ. காலையில் வெளிக்கிடும்போது ராத்தா ஆயத்துல் குர்ஸி ஓதி எங்கள் இருவர் மீதும் ஊதிவிடுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் இன்னொரு தரம் ஊதுவார்.

வாகனம் பழகியவர்கள் எல்லோரும் முன் சீட்டில் இருந்து பழகினார்கள். நான் பின்னால் இருந்து புகையைப் பார்த்துப் பழகினேன். வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் சேர்கிறது, அல்லது டீசல் எரியாமல் வருகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பைப் பற்றிக் கல்முனைக் கராஜில் அருளப்பன் பாஸ் சொல்வார்: "கறுப்பு வந்தா எஞ்சின் திங்கிறது கூட, மூச்செடுக்கிறது காணா. ஒண்டு டீசலக் குறைக்கணும், இல்லாட்டி காத்தக் கூட்டணும்." மோட்டார் மெக்கானிக்குகளை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அருளப்பன் பாஸ் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட நகத்துக்குள் கிரீஸ் இருக்கும்.

வயல் வெட்டுக் காலத்தில் ஜீப்புக்கு வேறு வேலையும் வரும். சேற்றில் புதைந்த டிரெக்டர், அதன் பின்னால் பூட்டும் நெல் ஏற்றிய பெட்டி, எல்லாவற்றையும் இழுத்துக் கரையேற்றுவோம். அன்றைக்குச் சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வயலில் நின்றோம். பக்கத்தில் மெசின் நெல் வெட்டிக்கொண்டிருந்தது. பதரும் தூசும் காற்று முழுக்க. அந்த நேரம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. இடுப்பில் கட்டும் பழைய சாரனில் கிழித்த துண்டை நனைத்து, எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாயில் கட்டிவிடுவார்கள். பதர் உள்ளே போகாது. வேலை முடிந்ததும் அவிழ்த்து உதறிப் போட்டுவிடுவார்கள்.

நானும் கட்டினேன். கட்டிய பிறகு எனக்குள் ஒரு பயம். துண்டு கழன்று விழுந்தால்? பதர் உள்ளே போய் எஞ்சினுக்கு ஏதும் ஆனால் மச்சான் என்னைத்தானே ஏசுவார்? ஜீப்புக்குள் சீட்டுத் துடைக்க ராத்தாவின் பழைய சாரியில் கிழித்த துண்டு ஒன்று கிடந்தது. எயார் பில்டர் பெட்டியைத் திறந்து, பில்டரைத் தூசு தட்டிப் போட்டு, அந்தத் துண்டை நாலாக மடித்து அதற்கு மேல் வைத்து மூடினேன். இரட்டைக் காவல். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பின்னேரம் வெளித் துண்டை அவிழ்த்தேன். உள்ளே வைத்ததை மறந்தே போனேன்.

அடுத்த நாள் விடிந்ததும் அறுகம்பேயில் இருந்து அழைப்பு. கெஸ்ட் ஹவுஸ் ஒன்றின் வேன் டைமிங் பெல்ட் அறுந்து நிற்கிறதாம். போகும்போதே ஜீப் கொஞ்சம் சோம்பலாகத்தான் ஓடியது. "டீசல் சரியில்ல போல," என்றார் மச்சான். அங்கே வேனைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். பொத்துவில் தாண்டிப் பாரம் பிடித்ததும் புகை தொடங்கியது.

புகை என்றால் லேசாக நினைக்க வேண்டாம். ஜீப்பின் சைலன்சர் வாயும் வேனின் கண்ணாடியும் பன்னிரண்டு முழத் தூரம். மச்சான் கால் வைக்கும் போதெல்லாம் கறுப்பாக ஒரு சுவர் எழும்பி வரும். ஜீப் தெரியாது, கயிறு தெரியாது, வீதி தெரியாது. வைப்பர் போட்டேன், கரி குழைந்து கண்ணாடி முழுக்க மையாகிவிட்டது. தலையை வெளியே நீட்டினால் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வலப் பக்கம் கடல், இடப் பக்கம் பற்றைக்காடு, யானை வரும் இடம். கோமாரி வருவதற்குள் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதி முடித்துவிட்டேன். ஹோர்னை ஒரு தரம் அடித்தேன்.

மச்சான் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்திருக்கும்.

"மச்சான், ஒண்டும் தெரியுதில்ல. எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீ எண்டைக்குப் பயப்பிடல்ல? எப்பிடி வருது புகை? சொல்லு."

"சும்மா நிக்கக்குள்ள இல்ல. இழுக்கக்குள்ள கறுப்பா வருது."

அவர் பொனட்டைத் திறந்தார். டீசல் பில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்த்தார், இல்லை. எஞ்சினை ஓடவிட்டு இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தத்தைக் கேட்டார். ஒன்று பழுதென்றால் அதைத் தளர்த்தும்போது சத்தம் மாறாது, புகை மட்டும் குறையும். நாலிலும் சத்தம் மாறியது. நாலும் சுகம்.

"எயார் பில்டர் நேத்துத் தட்டிப் போட்ட தானே?"

"ஓம் மச்சான்," என்றேன்.

சொன்னது பொய்யில்லை, தட்டித்தான் போட்டிருந்தேன். ஆனால் வாய் ஓம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நாலாக மடித்த அந்தத் துண்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு நாள் முழுக்கப் பதரும் தூசும் குடித்து, மூக்கைப் பொத்திய கை போல எஞ்சினின் மூச்சை அடைத்துக்கொண்டு அது உள்ளே இருக்கிறது. மச்சானின் கை அந்தப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"அப்ப பம்ப்தான்," என்று அவர் பொனட்டைச் சாத்தினார். "பாஸ்கிட்ட குடுத்துத் திறக்கத்தான் வேணும். மெல்லப் போவம், வா."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஏசியிருப்பார், அவ்வளவுதான். ஒரு வேளை சிரித்துமிருப்பார். ஆனால் அடுத்த மாதத்தில் இருந்து முன்னால் ஜீப்பை நான் ஓட்டலாம் என்று அவர் சொல்லியிருந்தார். பின்னால் இருக்கும் நரகத்தில் இருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. இந்த மடத்தனம் தெரிந்தால் யார் என் கையில் ஜீப்பைத் தருவார்? உயிருக்குப் பயந்தவன்தான் நான். ஏச்சுக்கு அதைவிடப் பயந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது.

ஒரு திட்டமும் போட்டேன். அக்கரைப்பற்றில் மச்சான் லுஹர் தொழப் பள்ளிக்குள் போவார். அந்த இடைவெளியில் துண்டை உருவி எறிந்துவிடலாம். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். யா அல்லாஹ், அக்கரைப்பற்று வரைக்கும், என்று கெஞ்சிக்கொண்டே வேனில் ஏறினேன்.

திருக்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பாலம். அதில் ஏறுவதற்கு மச்சான் காலை அழுத்தினார், எனக்கு உலகம் இருண்டது. பாலத்தின் மறுபக்கம் வீதி கொஞ்சம் சரிவு. அங்கே மாடுகள் குறுக்கே வந்தனவாம், மச்சான் வேகத்தைக் குறைத்தாராம், கையை வெளியே நீட்டிக் காட்டினாராம். ஒன்றையும் நான் காணவில்லை. கயிறு தொய்ந்து என் முன் சில்லுக்குள் போய் இறுகி, வெடி வெடித்தது போல அறுந்தது. மச்சானுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஜீப்பை நிற்பாட்டிவிட்டு, எனக்கு என்ன ஆனதோ என்று இறங்கிப் பின்னால் ஓடி வந்திருக்கிறார்.

நான் நிற்கவில்லை. சரிவில் வேன் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காலையும் வைத்து பிரேக்கை மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், உம்மா என்று கத்தினேன். கலையாமல் நின்ற புகைக்குள் இருந்து அவருடைய நீலச் சேட் வெளியே வந்தது. அவர் பாய்ந்தார். இடது காலை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. வேனுக்கும் ஜீப்பின் இழுவைக் கம்பிக்கும் நடுவில் முழங்காலுக்குக் கீழே நசிந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

சனம் கூடியது. யாரோ ஒருவரின் வாகனத்தில் அவரை ஏற்றினார்கள். வலியில் உதடு வெளுத்துப் போயிருந்த மனிதர், ஏற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"பயப்பிடாத. உன்ட பிழையில்ல, பிரேக் புடிக்காது தானே. நீ ஜீப்போட வா."

எல்லோரும் போன பிறகு நான் பெட்டியைத் திறந்தேன். துண்டு கறுத்து அப்பளம் போல விறைத்திருந்தது. அதைச் சுருட்டிப் பற்றைக்குள் எறிந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மச்சானின் காலைப் பற்றி நினைத்திருக்க வேண்டிய நேரத்தில் நான் அதைத்தான் பார்த்தேன். வேனை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் போனேன். புகையே இல்லை, பிள்ளை போல ஓடியது.

"வெறும் வண்டி எண்டா புகைக்கிறதில்ல," என்று, புகை எங்கே என்று கேட்ட அருளப்பன் பாஸிடம் சொன்னேன். அவர் பம்பைக் கழற்றி, சுத்தம் பண்ணி, திரும்பப் பூட்டினார். பாரம் இழுத்துப் பார்த்தோம், புகை வரவில்லை. பாஸின் கைராசி சாய்ந்தமருது வரைக்கும் பேர்போனது. நானும் போகிற இடமெல்லாம் அதைச் சொன்னேன்.

மச்சானுடைய கால் எலும்பு கூடியது, ஆனால் பலம் வரவில்லை. கிளச்சை மிதிக்க ஏலாது. இழுபடும் வாகனத்துக்குக் கிளச் தேவையில்லை. அதனால் நாங்கள் இடம் மாறினோம். முன் சீட்டு எனக்குக் கிடைத்தது. மச்சான் பின்னால் செத்த வாகனத்துக்குள் இருந்தார், நல்ல ஒரு காலோடு, என் புகையைக் குடித்துக்கொண்டு. எட்டு வருசம் அப்படி ஓடினோம். ஒவ்வொரு பயணமும் வெளிக்கிட முன்னர் எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்ப்பேன். ஓட்டும்போது வீதியைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அவரைப் பார்த்ததுதான் கூட. ஏற்றத்தில் கொஞ்சம் கறுத்தாலும் காலை எடுத்துவிடுவேன். அவர் வேனுக்குள் இருந்து கையை ஆட்டுவார், ஒண்டுமில்ல, போ என்று.

மூன்று வருசத்துக்கு முன் மச்சான் படுக்கையில் விழுந்தார். சிறுநீரகம். ஒரு பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். ராத்தா குசினியில் நின்றார். இனிச் சொல்லாவிட்டால் எப்போது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"மச்சான், அண்டைக்குக் கோமாரியில ஜீப் புகைச்சது..."

கண்ணைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோசம். "பம்ப் தானேடா. அருளப்பன் பாஸ் கெட்டிக்காரன். கை வெச்சாரு, சரியாப் போயிட்டு. அவரு மட்டும் இல்லாட்டி என்ட ஜீப்ப அண்டைக்கே வித்திருப்பன்."

"ஓம் மச்சான்," என்றேன்.

நாலு நாளில் மௌத்தாகிவிட்டார்.

இப்போது பொத்துவில் வீதியில் யாரும் யாரையும் கயிறு கட்டி இழுப்பதில்லை. நின்றுபோன வாகனத்தைக் கெரியர் வந்து முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறது, பின்னால் ஆள் வேண்டாம். ஜீப்பைப் பழைய இரும்புக்காரர்கள் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோனார்கள். அருளப்பன் பாஸ் போய்ச் சேர்ந்துவிட்டார், கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. ராத்தா இருக்கிறார். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து போகிறேன். தேத்தண்ணி ஊற்றித் தருகிறார். குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.